எரிச்சல் நின்றால் குணமா?

கேரள மலையிலுள்ள பள்ளிவாசல் தேயிலைத் தோட்டத்தில் மார்கழிக் குளிர் இறங்கிவிட்டால் லயத்துப் பெரியவர்கள் அடுப்படியை விட்டு நகர மாட்டார்கள். வெகுகாலமாகச் சுகர் உள்ளவர்களுக்கு இரவில்தான் பாதம் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். போர்வை பட்டாலே ஆகாது. தூக்கம் கெட்டதும் ‘நரம்பு மாத்திரை’ வந்துசேரும். பிரீகாபலின், டுலாக்செட்டின், அமிட்ரிப்டிலின் மூன்றில் எதில் தொடங்கினாலும் வலி ஏறத்தாழ ஒரே அளவே குறைகிறது என்று 2022-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்று காட்டியது. அப்படியானால் வயதானவருக்கு எந்த மாத்திரையில் கெடுதல் குறைவு என்றுதான் பார்க்க வேண்டும். பிரீகாபலின் தலைசுற்ற வைக்கும். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அளவைக் குறைத்தாக வேண்டும். அமிட்ரிப்டிலின் மூத்திரத்தை அடைக்கும், எழுந்து நிற்கும்போது கண்ணை இருட்டும். மலைச்சரிவின் ஈரப்படியில் நடுராத்திரி இறங்குகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

வலியே தெரியாத கால் அதைவிடப் பயமானது. மாத்திரை எரிச்சலை அடக்குமே தவிர, கெட்ட நரம்பைச் சரிசெய்யாது. எரிச்சல் தானாகவே நின்றுபோனால் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. நரம்பு செத்துப்போனாலும் எரிச்சல் நிற்கும் என்று யாரும் நினைப்பதில்லை. அந்தக் கால்தான் அடுப்போரம் நீட்டியபடி வெந்து, காலையில் கொப்புளத்தோடு விடியும். ரப்பர் பூட்ஸுக்குள் கிடக்கும் கல் நாள் முழுக்கக் குத்தினாலும் அதற்குத் தெரியாது. தூங்கவே முடியாதவரிடம் போய்ப் பாதத்தைச் சோதிக்கச் சொல்வதா, முதலில் வலியைத் தணியுங்கள் என்பார்கள். தணிக்கட்டும். ஆனால் சோதனைக்கு ஒரு நைலான் இழை போதும்: கண்ணை மூடச் சொல்லி, இழை வளையும்வரை பாதத்தில் அழுத்தி, தெரிகிறதா என்று கேட்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

கேரளத்தில் வயதுவந்தவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் வெளியான தேசிய ஆய்வு சொல்கிறது. அவர்களில் சர்க்கரைக்காக வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைந்தும் கால் மரத்துப்போகலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், மருந்தும் உண்டு. எரிச்சல் என்றதும் மாத்திரையின் அளவைக் கூட்டுகிற அவசரத்தில் இதுவும் விட்டுப்போகிறது. இழையை உணராத காலுக்குக் கணப்பும் சுடுதண்ணீர்ப் பையும் ஆகாது. குளிக்கிற தண்ணீரை முழங்கை வைத்துப் பார்க்க வேண்டும், பூட்ஸைப் போடுமுன் கவிழ்த்துத் தட்ட வேண்டும், ராத்திரி படுக்குமுன் வீட்டில் யாராவது உள்ளங்காலை விளக்கில் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்கிற வயதா அந்தப் பெரியவருக்கு?