பூனையின் வாயை அகலத் திறக்கலாமா?

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடுங்கள். விரலடியில் ஒரு குமிழ் முன்னே போய்த் திரும்பும். அதுதான் தாடை மூட்டு. மனிதத் தாடையைப் பற்றிக் கேட்கக் குமாரபாளையத்திலேயே பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாடு, ஆடு, பூனை என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியைத்தான் கேட்க வேண்டும்.

மாட்டுக்கு இந்த மூட்டில் ஓய்வே குறைவு. நாளில் சுமார் எட்டு மணி நேரம் அசைபோடுகிறது. ஒரு கவளத்தை ஐம்பது தடவைபோல் மெல்கிறது. மூட்டின் இரண்டு எலும்புக்கும் நடுவே ஒரு வட்டு உண்டு. அழுத்தமெல்லாம் விழும் அதன் மையத்தில் ரத்தநாளமே கிடையாது; மூட்டுக்குள் ஊறும் திரவம்தான் அதற்கு உணவு. வட்டின் பின்பக்கம் நேர்மாறு: நுண்ணிய சிரைகள் பின்னிக் கிடக்கின்றன. வாய் திறந்தால் பஞ்சுபோல் ரத்தத்தில் ஊறும், மூடினால் வடியும்.

மூட்டுக்கு ரத்தம் தருபவற்றுள் முக்கியமானது, தாடையெலும்பின் உட்பக்கமாக ஓடும் மேல்தாடைத் தமனி. நமக்கு மூளைக்கான ரத்தம் வேறு வழியில், பெரும்பாலும் உள் கழுத்துத் தமனியில் போகிறது. கன்றுக்கும் அந்த வழி உண்டு, வளர வளரத் தூர்ந்துவிடும். பிறகு மேல்தாடைத் தமனியின் கிளைகளே மூளையடியில் வலையாகப் பின்னி ரத்தம் சேர்க்கின்றன. ஆடுகளில் மூளைக்குப் போகும் ரத்தம் ஏறக்குறைய முழுவதும் இந்த வலை வழியேதான். மூக்கில் குளிர்ந்து திரும்பும் சிரை ரத்தம் அந்த வலையைச் சூழ்ந்திருப்பதால், சித்திரை வெயிலிலும் ஆட்டின் மூளை அதிகம் சூடாவதில்லை.

பூனைக்கும் இதே ஏற்பாடுதான். ஆபத்தும் அங்கேதான் வருகிறது. மயக்க மருந்து கொடுத்துப் பல் சுத்தம் செய்யும்போது, வாய் மூடாமலிருக்க ஸ்பிரிங் கருவி வைப்பார்கள். வாய் மிக அகலமாக விரிந்தால் தாடையெலும்பின் பின்முனைக்கருகே தமனி நசுங்கும், மூளைக்கு ரத்தம் குறையும். மயக்கம் தெளிந்த பின் பார்வை இழந்த 20 பூனைகளைப் பற்றி 2012ல் ஓர் ஆய்வு வெளியானது. அவற்றில் 16க்கு வாயைத் திறந்து வைக்கும் கருவி வைத்திருந்தார்கள். இருபதில் 14க்குப் பார்வை திரும்பியது. நாய்க்கு உள் கழுத்துத் தமனி வாழ்நாள் முழுக்கத் திறந்திருப்பதால் இந்த அபாயம் குறைவு.

பூனையைப் பல் சிகிச்சைக்குக் கொண்டுபோகிறவர்கள், எந்தக் கருவி வைப்பீர்கள் என்று மருத்துவரிடம் தயங்காமல் கேட்கலாம். ஸ்பிரிங் இல்லாத சிறு பிளாஸ்டிக் துண்டை இடையிடையே எடுத்து வைத்தாலே வேலை நடக்கும்.