திவாலான கம்பெனியும் தொழிலாளியின் கடனும்

ஒரு வியாபார ஸ்தாபனம் திவாலாகும்போது பாங்கிக்கு எவ்வளவு பாக்கி, முதலாளிக்கு எவ்வளவு நஷ்டம் என்று கணக்குப் பார்க்கிறவர்கள், மாதம் முழுவதும் உழைத்துவிட்டு மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிற தொழிலாளியும் அதற்குக் கடன் கொடுத்தவனே என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 'காமெட்' கம்பெனிக்கு நேர்ந்த கதி இதற்கு நல்ல உதாரணம். 1933-இல் ஹல் நகரத்தில், அக்காலத்து ரேடியோப் பெட்டிகளுக்கு வேண்டிய கனத்த பாட்டரிகளை வாங்கிச் சார்ஜ் ஏற்றித் திருப்பிக் கொடுக்கும் சிறு தொழிலாக ஆரம்பித்த அந்த ஸ்தாபனம், காலக்கிரமத்தில் டெலிவிஷன், சலவை இயந்திரம் முதலியவற்றை விற்பதும், பழுதானால் சரிசெய்து கொடுப்பதுமாக, இருநூறுக்கு மேற்பட்ட கடைகளுடன் விருத்தியடைந்தது. பிறகு இன்டர்நெட் வியாபாரத்தின் போட்டியால் நலிந்து, 2012 பிப்ரவரியில் 2 பவுனுக்குக் கைமாறியது. கடனுக்குக் கொடுக்கும் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காமற் போகவே, சரக்கு அனுப்புகிறவர்கள் பணத்தை முன்னதாகவே கேட்கத் தொடங்கினார்கள், கையிருப்பு வற்றியது. அவ்வருஷம் நவம்பரில் நிர்வாகம் திவால் அதிகாரிகளிடம் போயிற்று. டிசம்பர் 18-இல் கடைசிக் கடைகளும் மூடப்பட்டன. ஏறக்குறைய 7,000 பேர் வேலையிழந்தார்கள்.

இத்தகைய சந்தர்ப்பத்தில் யாருக்கு எப்போது பணம் என்பதைச் சட்டமே வரிசைப்படுத்துகிறது. குறிப்பிட்ட சொத்தை ஈடாக எழுதி வாங்கியவருக்கு அந்தச் சொத்தின்மேல் முதல் பாத்தியதை. சம்பள பாக்கிக்கும் முன்னுரிமை உண்டு. ஆனால் அங்கே அது ஆளுக்கு 800 பவுன் வரைக்குந்தான். வேலை நீக்க நஷ்டஈட்டைக் கம்பெனி கொடுக்க இயலாதபோது, சர்க்காரின் தேசிய இன்ஷூரன்ஸ் நிதி, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, அதைக் கொடுக்கிறது.

அன்றிருந்த சட்டப்படி, ஒரே இடத்தில் நூறு பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ நீக்குவதானால், 90 நாட்களுக்கு முன்பே அவர்களுடைய பிரதிநிதிகளுடன் ஆலோசனை தொடங்க வேண்டும். காமெட்டில் அவ்விதம் முறையாக நடக்கவில்லை என்று 2014-இல் தொழில் விசாரணை மன்றம் தீர்ப்பளித்து, ஊழியர்களுக்கு நஷ்டஈடு விதித்தது. கம்பெனி திவாலாகிவிட்டபடியால் அந்தப் பாரம் பொதுஜனங்களின் நிதியின்மேல் விழுந்தது.

ஈடு பிடித்தவருக்குப் பத்திரம் துணை. தொழிலாளிக்கோ வேறு வேலை தேடுவதற்குரிய அவகாசமே துணை. ஆகையால், பின்னால் கிடைக்கும் நஷ்டஈட்டைக் காட்டிலும் முன்னால் கொடுக்கும் அறிவிப்பே அவனுக்குப் பெரிய நியாயம். அதைக் கொடுக்கத் தவறியவரின் குற்றத்துக்கு ஜனங்கள் பணம் கட்டுவது நியாயமே ஆகாது.