வைகை வடகரை – 14: பதினாலாயிரம் பொன்னும் ஒரு தீர்ப்பும்

சென்ற வாரம் மதுரையில் வைகைக்குக் குறுக்கே போகும் ஏ.வி. பாலத்தின் வடமுனையில் நின்றோம். பக்கத்திலிருக்கும் கோரிப்பாளையம் தர்காவுக்குள் போய், அதன் வருடாந்தர விழாவான சந்தனக்கூடு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தேன்.

ஆனால் இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து உட்காரவைத்தது வேறொன்று. தர்காவின் தமிழ்க் கல்வெட்டு. ஆண்டு 1573. வெட்டச் சொன்னவர் மதுரையை ஆண்ட வீரப்ப நாயக்கர். கூன் பாண்டியன் என்ற அரசன் காலத்தில் தர்காவின் பள்ளிவாசலுக்காக 14,000 பொன் கொடுத்து நிலம் வாங்கப்பட்டிருக்கிறது. பின்னால் அந்த நிலத்தைக் குறித்து வழக்கு எழ, நாயக்கர் விசாரித்து, பழைய உரிமை செல்லும் என்று உறுதி செய்திருக்கிறார். அந்த நிலம் எது தெரியுமா? சொக்கிகுளம், பீபிகுளம், கண்ணனேந்தல், சிறுதூர், திருப்பாலை. இன்றைக்கு டவுன் பஸ் நடத்துநர் ஒரே மூச்சில் சொல்லும் ஊர்கள் அத்தனையும் ஒரு பத்திரத்துக்குள் இருந்திருக்கின்றன.

கூன் பாண்டியன் என்றதும் மதுரைக்காரர்களுக்கு வேறு கதை ஞாபகம் வரும். சமணனாக இருந்த மன்னனுக்கு வெப்பு நோய் கண்டது, திருஞானசம்பந்தர் ஆலவாய் மடைப்பள்ளிச் சாம்பலையே திருநீறாகப் பூசித் தீர்த்தது, கூன் நிமிர்ந்தது. அது ஏழாம் நூற்றாண்டுக் கதை. கல்வெட்டில் வருபவன் பிற்காலப் பாண்டியனாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் சைவத்துக்குத் திரும்பிய மன்னனின் பெயரும் தர்காவுக்கு நிலம் விற்ற மன்னனின் பெயரும் இந்த ஊரில் ஒன்றாக இருப்பதை நினைக்க நினைக்க எனக்கு இனிக்கிறது.

அதைவிட அந்தக் கல்வெட்டின் ஆண்டைப் பாருங்கள். 1565இல் தலைக்கோட்டையில் விஜயநகரத்தைத் தக்காண சுல்தான்கள் நொறுக்கிப் போட்டார்கள். மதுரை நாயக்கர்களோ விஜயநகரத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். அந்த அடி விழுந்து எட்டு வருடம்தான் ஆகிறது. வீரப்பர் பட்டத்துக்கு வந்து ஒரு வருடம். தர்காவில் அடக்கமாகியிருக்கும் சுல்தான் அலாவுதீன் பாதுஷாவும் சுல்தான் சம்சுதீன் பாதுஷாவும் பழைய மதுரை சுல்தான்கள் வழி வந்தவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அந்த சுல்தான்களின் ஆட்சியை முடித்ததும் விஜயநகரப் படைதான். இப்படிப்பட்ட நேரத்தில், இப்படிப்பட்ட ஒரு நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள ஒரு புது அரசனுக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை. அவர் பழைய கிரயம் என்ன சொல்கிறது என்று கேட்டார். அதன்படி தீர்ப்புச் சொன்னார். கல்லில் வெட்டியும் வைத்தார்.

சமய நல்லிணக்க விழாக்களுக்கு நானும் போகிறேன். மூன்று மதப் பெரியவர்களையும் ஒரே மேடையில் அமர்த்திப் பொன்னாடை போர்த்துவது நல்ல காரியம், அது இன்னும் நிறைய ஊர்களில் நடக்க வேண்டும். ஆனால் அந்த மேடைக்கு அடியில் வீரப்பர் போட்டது மாதிரி ஓர் அஸ்திவாரம் தேவை. அண்டை வீட்டுக்காரன் பத்திரத்தை மதிக்காமல் அவன் பண்டிகைக்கு வாழ்த்துச் சொல்லி என்ன பயன்? இந்தத் தொடரை ஆரம்பித்ததிலிருந்து நான் தேடிக்கொண்டிருப்பது அந்த அஸ்திவாரத்தைத்தான்.

உள்ளே போவோம். வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் ரோஜா இதழ், மல்லிகைச் சரம், ஊதுபத்தி, சர்க்கரைப் பொட்டலம். இடுப்பில் கைக்குழந்தையோடு வந்த ஒரு கிராமத்து அம்மா கடைக்காரரிடம் கேட்டார்: “பாய், பிள்ளைக்கு ராத்திரி பூரா தூக்கமில்ல. ஓதி விடணும், யாருகிட்ட கேக்க?” அவர் பொட்டலம் மடித்தபடியே, “உள்ள அஜரத் இருப்பாரு, போங்கம்மா. சர்க்கரைய மறந்துறாதீக” என்றார். அந்த அம்மா நெற்றியில் திருநீறு. யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சாலையில் அவ்வளவு ஹாரன் சத்தம். குவிமாடத்தின் கீழ் வந்தால் அது எங்கோ போய்விடுகிறது. பச்சைப் போர்வை, பூ வாசனை, முணுமுணுப்பாக ஓதும் குரல். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க மதுரையில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. தலைக்கு மேல் இருக்கும் அந்தக் குவிமாடம் எழுபது அடி அகலம், இருபது அடி உயரம், அழகர் மலையிலிருந்து கொண்டுவந்த ஒரே கல் என்பார்கள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் உச்சியையும் ஒரே கல் என்றுதான் சொல்லிவந்தோம், பல கற்களின் சேர்க்கை என்று ஆய்வாளர்கள் சொல்லும்வரை. இதையும் கல்தச்சர் கண்ணோடு ஒருவர் பார்க்க வேண்டும். எனக்கு அதைவிட முக்கியம், ஊர் எந்த மலையின் பெயரைச் சொல்கிறது என்பது. அழகர் மலை!

சித்திரைத் திருவிழாவில் அந்த மலையிலிருந்துதான் பெருமாளான கள்ளழகர் இறங்கி வருகிறார். மூன்றுமாவடியில் எதிர்சேவை, தல்லாகுளத்தில் ஆண்டாள் சூடிக்கொடுத்த மாலை, பிறகு தங்கக் குதிரையில் கோரிப்பாளையம் தாண்டி ஆற்றில் இறங்குவார். தர்கா ஆற்றுக்கு வெகு அருகில். ஆக, ஊரார் சொல்படி பார்த்தால் குவிமாடத்துக் கல்லும் அழகரும் ஒரே மலையிலிருந்து இதே கரைக்கு வந்தவர்கள்.

ஆற்றில் இறங்கிய அழகர் அன்றிரவு வண்டியூரில் தங்குவதைத் துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போனார் என்று மதுரை சொல்லும். பெருமாள் மேல் காதல் கொண்ட டில்லி சுல்தான் மகள் என்று கதை சொல்வது அந்த நாச்சியாரைத்தான். ஸ்ரீரங்கத்தில் அதே நாச்சியாருக்குச் சன்னதியே உண்டு. அங்கே அவருக்கு நைவேத்தியம் ரொட்டி. டில்லிப் பெண் சோறு தின்று பழகியிருக்க மாட்டாள் என்று யோசித்து, அவள் ஊர்ச் சாப்பாட்டையே கோயில் வழக்கமாக்கிய அந்தப் பழைய பட்டர் யாரோ, அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

சந்தனக்கூட்டுக்கு இடமில்லாமல் போய்விட்டது. அது பிறைக் கணக்கில் வருவது. வருடத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும், அதனால் சில வருடங்களில் சித்திரைத் திருவிழாவுக்குப் பக்கத்திலேயே வந்துவிடும். அப்படி இரண்டும் நெருங்கும்போது பந்தல்காரர்களும் பூக்கடைக்காரர்களும் என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து அடுத்த வாரம் எழுதுகிறேன். தமுக்கம் பக்கம், ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்த காந்தி மியூசியத்துக்கும் போக வேண்டும். அது அதற்கடுத்த வாரம்.

(தொடரும்)