தோளில் தூங்கும், பாயில் விழிக்கும்

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நடுராத்திரி நடைபயிற்சி தவறாது. வீறிட்டு அழும் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கூடத்தில் நாலு நடை நடந்தால் அடங்கிவிடும், கண்ணும் சொருகிவிடும். அப்பாடா என்று பாயில் கிடத்தினால் மறுபடி முதலிலிருந்து. “தூக்கித் தூக்கியே பழக்கிட்டே, இனிமே கீழ விடாது பாரு” என்று உள்ளறையிலிருந்து ஒரு குரலும் வரும்.

பிறந்து சில மாதமே ஆன குழந்தைமீது இந்தப் பழியைச் சுமத்துவது நியாயமில்லை. தோளில் அடங்குவது பழக்கத்தால் வந்ததல்ல, கூடவே பிறந்தது.

ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தில் குமி குரோடாவின் குழு 2013இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைத் தாய் மடியில் வைத்து உட்கார்ந்திருக்கும்போதும், தூக்கிக்கொண்டு நடக்கும்போதும் என்ன நடக்கிறது என்று ஒப்பிட்டார்கள். தாய் எழுந்து நடக்கத் தொடங்கிய சில நொடிகளிலேயே குழந்தை கைகால் உதறுவதை நிறுத்தியது, அழுகை தணிந்தது, இதயத் துடிப்பும் இறங்கியது. அணைப்பும் உடல் சூடும் வாசமும் இரண்டு நிலையிலும் ஒன்றுதான். உட்கார்ந்தபோது இல்லாத பலன் நடந்தபோது கிடைத்தது.

இதே குழு சுண்டெலிகளையும் கவனித்தது. தாய் பிடரியைக் கவ்வித் தூக்கியதும் குட்டி கால்களை மடக்கிக்கொண்டு சுருண்டுவிடுகிறது. நம் காதுக்கு எட்டாத கீச்சுக் குரலும் நின்றுபோகிறது. பிடரித் தோலை மரத்துப்போக வைத்துப் பார்த்தார்கள். குட்டி சரியாக அடங்கவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்கத் தாய்க்குக் கூடுதல் நேரம் பிடித்தது. காரணம் இப்போது புரிகிறது. எதிரி துரத்தும்போது திமிறுகிற குட்டி தன்னையும் மாட்டிவிடும், தாயையும் மாட்டிவிடும். ‘தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், சும்மா இரு’ என்ற கட்டளை பாலூட்டிகளின் உடம்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நம் கூடத்தில் புலி இல்லை என்பது குழந்தைக்குத் தெரியாது.

சரி, அடங்கிய குழந்தை பாயில் போட்டதும் ஏன் விழிக்கிறது? குரோடா குழு 2022இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் துருவியது. ஏழு மாதம் வரையுள்ள 21 குழந்தைகளின் இதயத் துடிப்பைப் பதிவுசெய்துகொண்டே தூக்கினார்கள், நடந்தார்கள், கிடத்தினார்கள். ஐந்து நிமிட நடையில் அழுத குழந்தைகள் அத்தனையும் அழுகையை நிறுத்தின. ஏறக்குறைய பாதிக் குழந்தைகள் தூங்கியே விட்டன. முதுகு பாயில் படும்போதுதான் தூக்கம் கலைகிறது என்று நாமெல்லாம் நம்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூப்போல இறக்குகிறோம். துடிப்புப் பதிவு வேறு கதை சொன்னது: தாயின் உடம்பு தன்னைவிட்டு விலகத் தொடங்கும்போதே குழந்தையின் துடிப்பு ஏறிவிடுகிறது. நாலு பிள்ளை பெற்ற குரோடாவுக்கே இது வியப்பாக இருந்ததாம்.

எவ்வளவு பதமாகக் கிடத்தினோம் என்பதைவிட, அதற்குமுன் எவ்வளவு நேரம் தூங்கியது என்பதுதான் முக்கியமாகத் தெரிந்தது. அதனால் அவர்கள் சொல்லும் வழி எளிது. ஐந்து நிமிடம் நிற்காமல், திடீர்த் திருப்பம் இல்லாமல் சீராக நடக்கவேண்டும். தூங்கியதும் உடனே கிடத்தாமல், குழந்தையை அணைத்தபடி ஐந்திலிருந்து எட்டு நிமிடம் உட்காரவேண்டும். தூக்கம் ஆழமான பிறகு கிடத்தலாம். ராத்திரி ஒரு மணிக்கு எட்டு நிமிடம் என்பது எட்டு யுகம்தான். இரண்டு மணிக்கு மறுபடி நடப்பதற்கு இது மேல். இருபத்தொரு குழந்தைகளை மட்டும் பார்த்துச் சொன்னது என்பதையும் மறக்கவேண்டாம். எல்லாப் பிள்ளைக்கும் இது பலிக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

அந்த ஆய்வில் தள்ளுகிற தொட்டிலுக்கும் ஓரளவு பலன் இருந்தது. ஆகவே அசைவுக்கென்றே ஒரு சக்தி உண்டு. தலையின் அசைவை உணரும் உட்செவி உறுப்பு பிறப்பதற்கு முன்பே வேலைசெய்யத் தொடங்கிவிடுகிறது. உத்தரத்தில் சேலையைக் கட்டித் தூளி ஆட்டிய நம் பாட்டிமார்களுக்கு இதெல்லாம் விளக்கம் இல்லாமலே தெரிந்திருந்தது. ஆனால் தூளியில் ஒரு ஆபத்து உண்டு: துணி குழிந்து, தாடை நெஞ்சில் இடித்தால் பச்சைக் குழந்தைக்கு மூச்சு முட்டும். சற்று வளர்ந்த பிள்ளைகள் தூளியில் விளையாடிக் கழுத்து இறுகி இறந்த சம்பவங்களும் உண்டு. தூங்கியபின் சமமான, கெட்டியான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. காய்ச்சலோடு அழுதாலோ, பால் குடிக்க மறுத்தாலோ நடந்துகொண்டிருக்காமல் மருத்துவரிடம் போகவேண்டும்.

2022 ஆய்வில் பிள்ளையைச் சுமந்து நடந்தவர்கள் அம்மாக்கள். ஆனால் நடப்பதற்குத் தாய்ப்பால் தேவையில்லை. அப்பாக்களே, இரண்டு மணிச் சுற்று உங்களுடையதாக இருக்கட்டும்.