பெருமுக்கல்லிலிருந்து ஒரு பாகை

திண்டிவனம்–மரக்காணம் சாலையில் இருக்கிறது பெருமுக்கல். அங்கிருந்து நூல் பிடித்தாற்போல் நேர் தெற்கே போனால், புதுச்சேரிக்கு மேற்கே இறங்கி, கெடிலத்தையும் வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் தாண்டி, சீர்காழிப் பக்கம் வந்து சேரலாம். பெருமுக்கல்லின் அட்சரேகை ஏறத்தாழ 12.2 பாகை, சீர்காழியினுடையது 11.2. இடையில் ஒரு பாகை.

ஒரு பாகை என்றால் எத்தனை கிலோமீட்டர்? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு முதலில் துல்லியமாக விடை கண்டது இந்த வட்டாரத்தில்தான். 1802இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோட்டைச் சங்கிலி வைத்து அளந்தார். அதன் பிறகு தரையில் சங்கிலி இழுக்கவில்லை. மலையுச்சிகளிலிருந்து கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கடலூர்ப் பக்கம் வரை வந்தார். இரு முனைகளிலும் விண்மீன்களைப் பார்த்து அட்சரேகையைக் கணித்தார். கிடைத்த விடை, ஒரு பாகைக்கு 60,494 ஃபேதம். ஒரு ஃபேதம் ஆறு அடி. கிலோமீட்டரில் சொன்னால் 110.63. இன்று செயற்கைக்கோள்கள் தரும் அளவுக்கும் இதற்கும் சில மீட்டர்தான் வித்தியாசம்! துருவத்தருகே இதே ஒரு பாகை 111.7 கிலோமீட்டர். பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதே காரணம்.

பாகையின் நீளமும் ஊர்களின் அட்சரேகை, தீர்க்கரேகையும் தெரிந்துவிட்டால் உலகின் எந்த இரண்டு ஊருக்கும் இடையேயுள்ள நேர்தூரத்தைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். சென்னை–மதுரை விமான நிலையங்களுக்கு இடையே சுமார் 420 கிலோமீட்டர். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்–டர்பன் சுமார் 480. சென்னையிலிருந்து டர்பனுக்கு ஏறத்தாழ 7,000. 1860 அக்டோபரில் கரும்புத் தோட்ட வேலைக்காக நம்மவர்களை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல், நவம்பர் 16 அன்றுதான் டர்பனை அடைந்தது. ஏறத்தாழ ஐந்து வாரம்.

தூரம் தெரிந்தால் நேரமும் தெரிந்துவிடும் என்று நினைக்கிறோம். ஜெட் விமானம் மணிக்கு 800 கிலோமீட்டர் போகும். அப்படியானால் மதுரைக்கு அரை மணி நேரம் போதுமே? கால அட்டவணையோ ஒரு மணிக்கு மேல் காட்டுகிறது. ஜோகன்னஸ்பர்க்–டர்பனுக்கும் இதே கதைதான். விமானம் நின்ற இடத்திலிருந்து நகரும்போதே அட்டவணையின் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. ஓடுபாதை வரை ஊர்ந்து செல்ல வேண்டும். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். காற்றை எதிர்த்து எழும்பியபின் ஊர் இருக்கும் திசைக்குத் திரும்ப வேண்டும். குறுகிய பயணத்தில் பெரும்பகுதி ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும். முழு வேகம் சில நிமிடங்களுக்குத்தான். மேலே காற்று எதிர்த்தால் நேரம் கூடும், தள்ளினால் குறையும்.

அதனால் தொலைவை நேரமாக மாற்ற விரும்புபவர்கள், நேர்தூரத்தை 800ஆல் வகுத்து, அதோடு அரை மணி முதல் முக்கால் மணி வரை கூட்டிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அட்டவணைக்குப் பக்கத்தில் வந்துவிடும்.