போனது ஒரு பாடம்தான்

மந்தைவெளி பஸ் டெப்போவைத் தாண்டி ஒரு சந்துக்குள் டூவீலர் மெக்கானிக் கடை. என் வண்டிக்கு பிரேக் ஷூ மாற்றிய பையனுக்குப் பதினேழு வயது. “டென்த்துல கணக்கு போயிடுச்சு சார், அதோட நின்னுட்டேன்” என்றான். திரும்ப எழுதலாமே என்றேன். “அஞ்சு பாடமும் முதல்லேர்ந்து எழுதணுமாமே?”

தேவையில்லை. போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும். இதை அவனுக்குச் சொல்ல இத்தனை நாளாக ஆளில்லை. படிப்பை விட்டவர்கள் திரும்பி வர விதிகளில் வழி இருக்கிறது. எந்த வயதுக்கு எந்த வழி என்பதுதான் தெரிய வேண்டும்.

14 வயது வரை: 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, இடைநின்ற பிள்ளையை அதன் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். அப்படிச் சேர்ந்த பிள்ளைக்கு 14 வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசக் கல்வி உண்டு. டி.சி. வரவில்லை, வயதுச் சான்று இல்லை, பாதி வருடம் ஓடிவிட்டது என்றெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்பக் கூடாது.

14 வயதுக்கு மேல்: சட்டத்தின் பிடி இங்கே தளர்கிறது. ஆனால் பிள்ளைகள் அதிகம் நழுவுவது ஒன்பது, பத்து வகுப்புகளில்தான். அவர்களுக்குக் கைகொடுப்பது தனித்தேர்வு. பன்னிரண்டரை வயது நிறைந்தவர் எட்டாம் வகுப்பையும், பதினான்கரை நிறைந்தவர் பத்தாம் வகுப்பையும் தனித்தேர்வராக எழுதலாம். பத்தாம் வகுப்பை முதன்முறையாக நேரடியாக எழுதுபவர் அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். தேசிய திறந்தநிலைப் பள்ளி இன்னொரு வழி. அதில் ஒருமுறை பதிந்தால் 5 ஆண்டுகளில் 9 வாய்ப்புகள். மாநில அரசு வேலை நோக்கமென்றால், அந்தச் சான்றிதழ் அங்கே ஏற்கப்படுமா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அண்மை மாற்றங்கள்: 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையையொட்டி, 2017-18இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வு 2025-26 முதல் ரத்தானது. எட்டாம் வகுப்பு வரை ஃபெயில் கிடையாது என்ற முறையைத் தமிழகம் தொடர்கிறது. மத்திய அரசோ 2024 டிசம்பரில் தன் விதியை மாற்றியது. கேந்திரிய வித்யாலயா போன்ற பள்ளிகளில் 5, 8 வகுப்புகளில் தேறாதவர், இரண்டு மாதத்துக்குள் நடக்கும் மறுதேர்விலும் தவறினால் அதே வகுப்பில் நிறுத்தப்படலாம். அப்போதும் எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியைவிட்டு வெளியேற்ற முடியாது.

எங்கே ஏமாறுகிறோம்: “ஒரே வருஷத்தில் டென்த், பிளஸ் டூ, பாஸ் கேரண்டி” என்று பணம் கேட்பவர்களிடம், எந்த வாரியத்தின் சான்றிதழ் என்று முதலில் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். பத்தும் பன்னிரண்டும் முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் தமிழக அரசு வேலைக்கு உதவாது. இதற்கான அரசாணை 2009லேயே வந்துவிட்டது. ஃபீஸ் பாக்கிக்காக டி.சி.யைப் பிடித்துவைக்கும் பள்ளிகளும் உண்டு. கட்டணம் வசூலிக்கும் கருவியாக டி.சி.யைப் பயன்படுத்தக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

யாரிடம் போவது: முதலில் தலைமையாசிரியர். மனுவை எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நகராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். சந்தேகங்களுக்குப் பள்ளிக்கல்வி உதவி எண் 14417. பிள்ளையை வேலைக்கு அனுப்பினாலோ கல்யாணப் பேச்சு எடுத்தாலோ 1098. தனித்தேர்வுக்கு அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தேதி தவறினால் கூடுதல் கட்டணத்தோடு தட்கல் வாய்ப்பும் உண்டு.

பையன் கிரீஸ் கையைத் துணியில் துடைத்துவிட்டு, செல்லில் இருந்த மார்க் ஷீட் படத்தைக் காட்டினான். கணக்கில் 31. தேற வேண்டியது 35. உள்ளே ஸ்பானரைத் தேடிக்கொண்டிருந்த கடைக்காரரைத் தயக்கத்தோடு பார்த்து, “அண்ணே, ஒரு நாள் லீவு வேணும்” என்றான்.

“மூணு மணி நேரப் பரீட்சைதானே, எழுதிட்டு வாடா.”