வெட்டவெளியும் காலாட்படையும்

போர்க்களத்திற் காலாட்படைஞன் அஞ்சத்தக்கன பல. அவற்றுள் முதன்மையானது மறைவற்ற வெளி. மலையும் காடும் நடையைத் தடுப்பன. ஆயினும் மறைவு தருவன. வெட்டவெளியோ நடைக்கு எளியது, உயிர்க்குக் கொடியது. வீரமும் விரைவும் மாத்திரம் அதனைக் கடத்தற்குப் போதா என்பதைப் படைகள் பேரிழப்புக்களின் பின்னரே உணர்ந்தன. அவ்வுணர்வு வளர்ந்த வரலாறும் அதன் பயனாய் எழுந்த முறையும் இக்கட்டுரையின் பொருளாகும்.

பழைய துப்பாக்கிகளின் குண்டுகள் சிறிது தூரத்துக்கு அப்பாற் குறி தவறின. சுட்டவனது இருப்பிடத்தை அவன் எழுப்பிய புகையே காட்டிக்கொடுத்தது. 1884 ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் போல் வியேல் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். ஈராண்டின் பின் அதனைப் பயன்படுத்தும் லெபெல் துப்பாக்கி பிரான்சியப் படையினர்க்கு வழங்கப்பட்டது. பிற நாடுகளும் அவ்வழியே சென்றன. இதனால் விளைந்த மாற்றங்கள் இரண்டு. கொல்லும் தொலைவு பன்மடங்கு பெருகியது; கொல்பவன் கண்ணுக்குப் புலப்படாதவனானான்.

இம்மாற்றத்தின் கொடுமையைத் தென்னாபிரிக்கப் போர் வெளிப்படுத்திற்று. 1899 திசெம்பர் 15 ஆந் திகதி கொலென்சோ என்னுமிடத்திற் பிரித்தானியத் தளபதி ஹார்ட் தம் படையணியை நெருங்கிய வரிசையிலேயே துகேலா ஆற்றை நோக்கி நடத்தினார். ஆறு வளைந்து மூன்று புறமுஞ் சூழ்ந்த வெளியினுள் அணி புகுந்தது. எதிர்க்கரையில் மறைந்திருந்த போயர்கள் மூன்று புறமிருந்துஞ் சுட்டனர். சிறிது நேரத்துள் ஏறக்குறைய 500 பேர் வீழ்ந்தனர். நெருங்கி நிற்றல் அணிவகுப்புத் திடலில் ஒழுங்காகத் தோன்றும். வெட்டவெளியில் அது பகைவனுக்குப் பெரியதோர் இலக்காகும்.

படைஞரை இடைவெளிவிட்டுப் பரப்புதல் இதற்கு மருந்தெனக் கருதப்பட்டது. அது நல்லதே, ஆயினும் இயந்திரத் துப்பாக்கியின் முன் அது தனித்துப் போதவில்லை. ஓர் எளிய கணக்கு இதனை விளக்கும். சுமையோடு நடக்கும் படைஞன் 200 மீற்றர் வெளியைக் கடக்க இரண்டு நிமிடங்களுக்குக் குறையாது செல்லும். அக்காலத்து இயந்திரத் துப்பாக்கி நிமிடத்துக்கு ஏறக்குறைய 500 குண்டுகளைச் சுடவல்லது. எனவே தடையின்றிச் சுடும் ஒரேயொரு துப்பாக்கி, அவ்விரு நிமிடங்களுள் ஆயிரங் குண்டுகளை அவ்வெளியிற் சொரியும். 1916 யூலை 1 ஆந் திகதி சோம் ஆற்றுப் போரின் முதல் நாளிற் பிரித்தானியப் படையில் 57,470 பேர் இழப்புக்குள்ளாயினர். அவருள் 19,240 பேர் மாண்டனர்.

அனைவரும் மெல்ல நடந்தமையாலேயே அந்நாளில் இவ்வழிவு நேர்ந்ததெனக் கூறுதல் பொருந்தாது. பல அணிகள் குறித்த நேரத்துக்கு முன்னரே தவழ்ந்து பகைவர் அகழியை அணுகியிருந்தன. தியெப்வால் அருகே அவ்வாறு சென்ற அல்சுத்தர் படைப்பிரிவு முன்னணி அகழிகளைக் கைப்பற்றி உள்ளேயும் முன்னேறியது. ஆனாற் பக்கங்களில் இருந்த யேர்மானியத் துப்பாக்கிகள் அடக்கப்படவில்லை. பின்வந்தோர் அதே வெளியைக் கடக்கவியலாது மடிந்தனர். முன்சென்றோர் தனித்துப்போய் இரவிற் பின்வாங்கினர். தெற்கே பிரான்சியர் பெரும் பீரங்கிகளால் எதிரியை நன்கு அடக்கியபின் சிறு கூட்டங்களாய் முன்னேறித் தம் இலக்குக்களை அடைந்தனர். கால்கள் எவ்வாறு இயங்கினும், எதிரியின் துப்பாக்கி தடையின்றி இயங்குமாயின் வெளியைக் கடத்தல் அரிது என்பதே இதனாற் பெறப்படும் உண்மை.

பீரங்கி எப்போதும் எங்கும் துணைவாராது. எனவே எதிரியை அடக்குந் திறன் சிறு படையிடமே இருத்தல் வேண்டும். 1917 பெப்ரவரியிற் பிரித்தானியப் படை வெளியிட்ட கைந்நூல் இதற்கு வழிசெய்தது. அதன்படி ஒரு பிளற்றூன் நான்கு பகுதிகளாயிற்று: லூயிசு இயந்திரத் துப்பாக்கியர், துப்பாக்கி வழியாகக் குண்டெறிவோர், கைக்குண்டர், துப்பாக்கியர். முதலிரு பகுதியினரும் எதிரி தலைதூக்காவாறு சுட்டுக்கொண்டிருக்க, ஏனையோர் பக்கத்தாற் சுற்றிச் சென்று தாக்குவர். யேர்மானியரும் பிரான்சியரும் இதனையொத்த முறைகளைத் தத்தம் பட்டறிவால் வகுத்திருந்தனர்.

இம்முறையின் கூறுகள் பின்னர் மேலுந் தெளிவுற்றன. சுற்றிச் செல்ல வழியிருப்பின் வெளியினுட் புகாமையே முதல் விதி. வழியில்லையெனின் மிகக் குறுகிய இடத்தையும், பள்ளம், வேலி, நிழல் முதலியன உள்ள இடத்தையுந் தெரிதல் வேண்டும். சுடுவோர் அணித்தான கரையில் நிலைகொண்டு எதிர்க்கரையை நோக்குவர். இருவரோ மூவரோ முதலிற் கடந்து, அப்பாலுள்ள மறைவிடங்களை ஆராய்ந்து, அங்கே காவலாய் அமர்வர். அதன்பின் ஏனையோர் கடப்பர். முதலிற் காவல் புரிந்தோர் இறுதியில் வருவர். அகன்ற வெளியாயின் ஓர் ஓட்டம் மூன்று முதல் ஐந்து நொடிக்கு மேற்படலாகாது. எதிரி கண்டு குறிபார்த்துச் சுடுதற்கு அவ்வளவு காலமே போதும். எழுமுன் அடுத்த மறைவிடத்தைத் தெரிந்துகொள்ளல் வேண்டும். வீழ்ந்த இடத்திலேயே மீண்டும் எழலாகாது. சிறிது தவழ்ந்து விலகியே எழல் வேண்டும். இரவும் புகையும் கண்ணை மறைக்குமேயன்றிக் குண்டைத் தடுக்கமாட்டா; எனவே அவை காவற் சூட்டுக்குத் துணையாவனவன்றி ஈடாகா.

இம்முறை வேண்டிநின்ற மாற்றம் படைக்கலத்தில் மாத்திரம் நிகழ்ந்ததன்று. முன்னர் ஆயிரவர் ஒருவனது ஆணைக்கு அசைந்தனர். இப்போது எப்போது எழுவது, எப்போது சுடுவது என்பதை முப்பது நாற்பது பேருக்குத் தலைவனான இளைஞனும், அவன் கீழுள்ள பத்துப்பேரின் தலைவனும் தாமே துணிதல் வேண்டும். புதிதாய்ச் சேர்ந்த படைஞர் இதற்கு ஆற்றாரென 1916 இல் மேலதிகாரிகள் பலர் எண்ணினர். அடுத்த ஈராண்டுகளில் அதே வகைப் படைஞர் அதனைச் செய்துகாட்டினர்.

வெளியைக் கடப்பவன் அவ்வேளையில் தன்னைக் காக்கவியலாதவன். அவன் உயிர், பின்னே அசையாதிருந்து சுடுகின்ற தோழனிடம் அடைக்கலமாய் உள்ளது. அடுத்த கணத்தில் அத்தோழனது உயிர் இவனிடம் அடைக்கலமாகும். இம்மாறி மாறிக் காத்தலே வெட்டவெளியைக் கடக்கும் முறையின் உயிர்நிலை.